ஆண்டோங்கின் மூன்று பெண்களும் மூன்று சான்றுகளும்

தென்கொரியாவின் ஆண்டோங் நகரில், நக்தோங் ஆற்றைப் பார்த்தபடி இம்சோங்காக் என்ற பழைய பெருவீடு இருக்கிறது. 1519-ல் கட்டியது. 1940களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆட்சி அந்த வீட்டு வளாகத்தை இடித்து, முற்றத்தோடு உரசினாற்போல ரயில் பாதை போட்டது. 2020 டிசம்பர் வரை அந்த வழியாக ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு வீட்டின் மேல் இவ்வளவு வன்மம் ஏன்? வீட்டின் தலைவர் யி சாங்-ரியோங். 1910-ல் கொரியாவை ஜப்பான் விழுங்கியதும், அடுத்த ஆண்டு தொடக்கத்தில், வீட்டு அடிமைகளை விடுவித்துவிட்டு, சொத்தை விற்றுக் காசாக்கிக்கொண்டு, குடும்பத்தோடு எல்லை தாண்டிச் சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவுக்குப் போனவர். அங்கே புதிதாக எழுந்த சின்ஹுங் ராணுவப் பள்ளிக்குத் தோள் கொடுத்தார். 1925-ல் ஷாங்காயில் இயங்கிய கொரிய இடைக்கால அரசின் தலைவராகவும் இருந்தார். 2017 ஆகஸ்ட் 15 கொரிய விடுதலை நாள் உரையில் அன்றைய அதிபர் மூன் ஜே-இன், 9 விடுதலைப் போராளிகளைத் தந்த வீடு என்று இம்சோங்காக்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அந்தக் கணக்கில் அன்றைக்கு இரண்டு பெண்கள் விடுபட்டிருந்தார்கள். ஒருவர் யி சாங்-ரியோங்கின் மனைவி கிம் உ-ராக். இன்னொருவர் பேரனின் மனைவி ஹோ உன்.

மூன்றாவது பெண் ஒருவரும் உண்டு: உ-ராக்கின் கடைசித் தங்கை கிம் ராக். அவர் வாழ்க்கைப்பட்டது வேறு வீட்டில். மூவரையும் கொரிய அரசு ஏற்றுக்கொண்டது உண்மைதான், ஆனால் கிம் ராக்கை 2001-ல், ஹோ உன்னை 2018-ல், கிம் உ-ராக்கை 2019-ல். மூவரும் இறந்து வெகுகாலம் கழித்து. மூவருக்கும் கிடைத்தது ஒரே ஐந்தாம் தரப் பதக்கம். ஆனால் எந்தக் காகிதத்தை வைத்து அது கிடைத்தது என்பது ஒவ்வொருவருக்கும் வேறு. அதைத்தான் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏணியும் அதன் படிகளும்

முதலில் அரசு எப்படி அளக்கிறது என்று தெரிந்துகொள்வோம். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர்களுக்கான தேசக் கட்டமைப்புப் பதக்கம் 1949-ல் வந்தது. அந்த ஆண்டு அதைப் பெற்றவர்கள் இரண்டே பேர்: அதிபர் சிங்மன் ரீயும் துணை அதிபர் யி சி-யோங்கும். ஆட்சியில் இருந்தவர்கள் தங்களுக்கே சூட்டிக்கொண்டார்கள் என்று கேலி பேச வசதியான தொடக்கம். பெரிய அளவில் பதக்கங்கள் வழங்கியது 1962-ல்தான். 1990-ல் தரங்களைப் பிரித்து அடுக்கியபோது பதக்கத்துக்கு 5 தரம், அதற்குக் கீழே கௌரவப் பதக்கம், அதற்கும் கீழே அதிபர் பாராட்டுச் சான்று என்று ஏழு படிகள் ஆயின.

எந்தப் படியில் யாரை நிறுத்துவது? அரசின் பரிசீலனைக் குழு ஒன்று முடிவு செய்கிறது. எத்தனை ஆண்டு இயக்கத்தில் இருந்தார், எத்தனை மாதம் சிறையில் கிடந்தார், சாகும்வரை ஜப்பானியர் பக்கம் சாயாமல் இருந்தாரா என்பவை முக்கியக் கேள்விகள். கடைசிப் படியான பாராட்டுச் சான்றுக்கே 2018 வரை 3 மாதச் சிறைவாசம் என்ற வரம்பு இருந்தது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறை மாதங்களை எழுதி வைத்தது யார்? ஜப்பானியக் காவல்துறையும் நீதிமன்றமும். யாரை எதிரி பிடித்தானோ, யார் பெயரை எதிரி எழுதினானோ அவர்தான் போராளி என்றாகிறது. ஒருவர் பிடிபடாமல் திறமையாக வேலை பார்த்திருந்தால் அதுவே அவருக்குப் பாதகம். பெண்கள் விஷயத்தில் இது இரட்டைச் சிக்கல். துப்பாக்கி எடுத்தவனுக்குச் சோறு போட்டவளை, சீருடை தைத்தவளை, இடுப்பில் பணத்தைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டியவளை எதிரியின் குமாஸ்தா எந்தப் பதிவேட்டில் எழுதியிருப்பான்?

2018 ஆகஸ்ட் கணக்குப்படி, அதுவரை அங்கீகாரம் பெற்ற சுமார் 15,000 பேரில் பெண்கள் 325 பேர். நூற்றுக்கு இரண்டு. கொரியப் பெண்கள் அவ்வளவுதான் போராடினார்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள்; அங்கே ஆட்சியில் இருந்தவர்களும் நம்பவில்லை.

கிம் ராக்: காவல்துறை எழுதிய ஒரு வரி

ஆண்டோங்கின் நேயாப் கிராமத்தில் பிறந்த ராக், யி மான்-டோ என்ற பெரிய அறிஞரின் வீட்டுக்கு மருமகளாகப் போனார். 1910-ல் நாடு பறிபோன செய்தி கேட்டதும் மாமனார் உண்ணாமல் கிடந்து, 24 நாளில் உயிரை விட்டார். கணவர் யி ஜுங்-ஓப், 1919-ல் பாரிஸ் அமைதி மாநாட்டுக்குக் கன்பூசிய அறிஞர்கள் அனுப்பிய மனுவுக்காக அலைந்தவர். அக்கா உ-ராக்கும் அண்ணன் கிம் டே-ராக்கும் 1911-லேயே மஞ்சூரியா போய்விட்டார்கள். அண்ணன் போனதைச் சொல்லியே ஆக வேண்டும்: அறுபதைத் தாண்டிய மனிதர், நிறைமாதக் கர்ப்பிணிகளாக இருந்த பேத்தியையும் பேரன் மனைவியையும் குளிர்காலத்தில் அழைத்துக்கொண்டு எல்லை தாண்டினார். பிறக்கப்போகும் குழந்தைகள் ஜப்பானியக் குடிகளாகப் பிறந்துவிடக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தின் வலியைச் சுமந்தது யார் என்பது வேறு கதை.

ராக் ஊரிலேயே இருந்தார். 1919 மார்ச்சில் நாடெங்கும் விடுதலை முழக்கம் எழுந்தபோது, ஐம்பதைத் தாண்டிய அந்த அம்மா யேயான் சந்தையில் நடந்த போராட்டத்தில் பிடிபட்டார். ராணுவக் காவல் முகாமில் விசாரணை. வெளியே வந்தபோது இரண்டு கண்ணும் போயிருந்தன. அதன்பின் பார்வையில்லாமலே வாழ்ந்து 1929-ல் இறந்தார்.

வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை, சிறை மாதக் கணக்கும் இல்லை. இப்படியொரு பெண் இருந்தார் என்பதே குடும்பத்துக்கு வெளியே தெரியாது. வெளியே வந்தது எப்படி என்றால், வட கியோங்சாங் மாகாணக் காவல்துறை 1934-ல் தன் உளவுப் பிரிவுக்காக ஒரு கையேடு அச்சிட்டிருந்தது. மாகாணத்தில் யார் யார் ஜப்பானுக்கு எதிரிகள், ஏன் அப்படி ஆனார்கள் என்று அலசும் நூல். அதில் ராக்கின் மகன் ஒருவரைப் பற்றிய பகுதியில், தாய் 1919 கலவரத்தின்போது விசாரிக்கப்பட்டுப் பார்வை இழந்தார், 11 ஆண்டு துன்பப்பட்டு இறந்தார், அதனால் மகனுக்கு ஜப்பான் மீதுள்ள பகை இரவு பகலாக ஆறவில்லை என்ற குறிப்பு வருகிறது.

கவனியுங்கள். காவல்துறை ராக்கைப் பற்றி எழுதவே இல்லை. மகனுடைய மனநிலைக்குக் காரணம் தேடிய இடத்தில், போகிறபோக்கில் தாய் வந்து விழுகிறார். தான் செய்த கொடுமையை ஒரு தகவலாக, எந்த உறுத்தலும் இல்லாமல் பதிந்து வைத்திருக்கிறது அந்த நூல். கொரிய அரசு 2001-ல் ராக்குக்குப் பதக்கம் கொடுக்க இந்தக் குறிப்புதான் கைகொடுத்தது. கண் போன பெண்ணுக்குச் சாட்சி, கண்ணைப் பறித்தவனே.

ஹோ உன்: தன் வாயால் சொன்னது

1907-ல் பிறந்த ஹோ உன், போராளிகள் நிறைந்த குடும்பத்துப் பெண். ஜப்பானுக்கு எதிராக மக்கள் படை நடத்தி 1908-ல் சியோலின் சோதேமுன் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஹோ வீ, அவருடைய தாத்தா முறை உறவு. அதன்பின் அந்தக் குடும்பம் ஊரில் நிம்மதியாக இருக்க முடியவில்லை. 1915-ல் மஞ்சூரியா போனபோது ஹோ உன் சின்னப் பிள்ளை. 1922-ல், பதினாறு வயதில், யி சாங்-ரியோங்கின் பேரன் யி பியோங்-ஹ்வாவுக்கு மனைவியானார்.

அந்தப் புகுந்த வீடு வீடு மாதிரி இல்லை. அலுவலகம், சத்திரம், கிடங்கு எல்லாம் அதுதான். மேற்கு ராணுவ நிர்வாகம் என்ற ஆயுதப் படையின் ஆட்கள் அங்கே கூடுவார்கள். கூட்டம் நடக்கும் நாளெல்லாம் அத்தனை பேருக்கும் சாப்பாடு. வருகிறவர்கள் எத்தனை பேர், எத்தனை நாள் தங்குவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. சோளமும் தினையுமே அரிதாகக் கிடைக்கும் ஊரில் அரிசிக்கு எங்கே போவது? அது போதாதென்று சீருடை. பருத்தித் துணியும் பஞ்சும் மலைபோல வந்து இறங்கும். பெண்கள் உட்கார்ந்து கையால் தைத்து முடிப்பார்கள். மஞ்சூரியக் குளிரில் பஞ்சு வைத்துத் தைத்த உடை இல்லாத படைவீரன் எதிரியின் குண்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, குளிரே அவனை முடித்துவிடும். அந்தக் கணக்கில் பார்த்தால் தையல் ஊசியும் படைத்தளவாடம்தான்.

1932-ல் யி சாங்-ரியோங் இறந்தபின் ஹோ உன் ஊர் திரும்பினார். விடுதலை வந்தது, கொரியப் போர் வந்தது, 1952-ல் கணவர் இறந்தார், வறுமை மட்டும் கூடவே இருந்தது. முதுமையில் அவர் சொல்லச் சொல்ல எழுதிய நினைவுக்குறிப்பு 1995-ல் நூலாக வந்தது. இரண்டு ஆண்டு கழித்து அவர் இறந்தார்.

நூல் 1995-ல் வந்துவிட்டது. பதக்கம் 2018-ல் வந்தது. நடுவில் 23 ஆண்டு. அந்த இடைவெளியில் ஆய்வாளர்கள் மஞ்சூரிய இயக்கத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்த நூலை எடுத்தாண்டார்கள். யார் எந்த வீட்டில் தங்கினார்கள், எப்போது ஊர் மாறினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று அந்த நூல் சொல்வதை எல்லாம் ஏற்றார்கள். மற்ற போராளிகளைப் பற்றி அவர் சொன்னால் அது வரலாற்றுச் சான்று. அவரைப் பற்றி அவரே சொன்னால் அது பாட்டி கதை. சரி, ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதை வைத்துப் பதக்கம் கொடுத்தால் போலிகள் புகுந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான அச்சம். கொரியாவில் பொய்யாகப் பதக்கம் வாங்கி, பிறகு பறிகொடுத்த ஆண்களும் உண்டு. ஆனால் ஹோ உன் விஷயத்தில் வெளிச்சான்று குவிந்து கிடந்தது. அந்த வீட்டில் படைத்தலைவர்கள் கூடினார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. கூடியவர்கள் சாப்பிட்டிருப்பார்கள் என்பதற்குத் தனிச் சான்று வேண்டுமா?

2018-ல் அரசு விதிகளைத் தளர்த்தியது. 3 மாதச் சிறை என்ற வரம்பு போயிற்று. போராட்டத்தால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதும் கணக்கில் வந்தது. நாட்குறிப்பு, நினைவுக்குறிப்பு, தன்வரலாறு ஆகியவற்றில் பெண்களின் செயல்பாடு தெரிந்தால் அவற்றையும் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கூடவே ஆய்வாளர்களைக் கொண்டு தேடியதில் 202 பெண்களின் பெயர் வெளியே வந்தது. அந்த ஆகஸ்ட் 15 அன்று பதக்கம், சான்று பெற்ற 177 பேரில் 26 பேர் பெண்கள். ஹோ உன் அவர்களில் ஒருவர்.

ஒரு தகுதியுள்ள பெண்ணுக்குப் பதக்கம் கிடைத்தது என்பதோடு இது நின்றுவிடவில்லை. எதிரியின் கோப்பிலிருந்து வீட்டுப் பெண்ணின் வாய்ச்சொல்லுக்குச் சான்றின் எல்லை நகர்ந்தது என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

கிம் உ-ராக்: பாட்டில் எழுதியது

அடுத்த ஆண்டே அக்கா உ-ராக்கின் முறை வந்தது. 1854-ல் பிறந்தவர், ஊரை விட்டுக் கிளம்பும்போது வயது ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு. 1933-ல் இறந்தார். ஆண்டோங் பக்கத்து உயர்குடிப் பெண்கள் கொரிய எழுத்தில் நீண்ட பாட்டுகளை எழுதி, காகிதச் சுருளாகச் சுற்றி, மகளுக்கும் மருமகளுக்கும் கொடுப்பார்கள். ஆண்கள் சீன எழுத்தில் கவிதை எழுதிப் பெருமைப்பட்ட காலத்தில், உள்கட்டுப் பெண்களுக்கு இந்தப் பாட்டுதான் கடிதம், நாட்குறிப்பு, புலம்பல் எல்லாம். (2022-ல் ஆசிய-பசிபிக் பகுதிக்கான யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் இந்த வகைப் பாட்டுகள் சேர்ந்தன.) உ-ராக்கும் மஞ்சூரியா போனதை, அங்கே பிழைத்ததைப் பாட்டாக எழுதினார்.

கணவரின் எழுத்துகளும் அண்ணனின் நாட்குறிப்பும் அறிஞர்களின் மேசையில் இருந்தன. உ-ராக்கின் பாட்டு மெல்லத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2019-ல் பதக்கம் அறிவித்தார்கள். எந்தக் காவல்துறையும் உ-ராக்கைப் பற்றி எழுதி உதவவில்லை.

எதிரியின் கோப்பில் மாட்டியவர்கள்

எதிரியின் கோப்பு பயன்படவே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறையவே பயன்பட்டது, விசித்திரமான வழிகளில்.

ஜப்பானிய ஆட்சி கண்காணித்தவர்களின் அட்டைகள் 6,000-க்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் புகைப்படம், பெயர், ஊர், குற்றம். 1920 மார்ச் 1 அன்று சியோலில் பேஹ்வா பெண்கள் பள்ளி மாணவிகள் பள்ளிக்குப் பின்னாலிருந்த குன்றில் ஏறி விடுதலை முழக்கமிட்டார்கள். 1919 மார்ச் முழக்கத்தின் முதலாம் ஆண்டு நினைவு நாள். பிடிபட்டார்கள், தண்டனை விதித்து அதை நிறுத்தி வைத்து அனுப்பினார்கள். சிறையில் 3 மாதம் இருக்கவில்லை என்பதால் நெடுங்காலம் ஏணியின் கடைசிப் படிகூட எட்டவில்லை. வரம்பு நீங்கியதும் 2018-ல் 6 மாணவிகளுக்குப் பாராட்டுச் சான்று கிடைத்தது. அட்டையில் அவர்கள் முகம் இருக்கிறது.

சுவோன் நகரத்துக் கிம் ஹியாங்-ஹ்வா கிசெங். அதாவது ஆடல் பாடலைத் தொழிலாகக் கொண்ட பெண். 1919 மார்ச் 29 அன்று கட்டாய மருத்துவப் பரிசோதனைக்காக மருத்துவமனைக்கு அழைத்துப் போன வழியில், உடன் வந்த முப்பது சொச்சம் கிசெங்குகளோடு சேர்ந்து முழக்கமிட்டார். அவருக்கு 6 மாதச் சிறை. உடல் பரிசோதனை என்ற பெயரில் நடந்த அவமானத்தையே அவர்கள் ஊர்வலமாக மாற்றினார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த இடம். 2009-ல் பாராட்டுச் சான்று வந்தது. வாங்கிக்கொள்ள வாரிசு யாரும் கிடைக்கவில்லை, சுவோன் அருங்காட்சியகம்தான் வைத்திருக்கிறது. 1918-ல் அச்சான கிசெங் படத்தொகுப்பில் ஹியாங்-ஹ்வாவின் படம் உண்டு. வாடிக்கையாளர்களுக்காக அச்சிட்ட அதே தொகுப்பு பின்னாளில் அந்தப் பெண்கள் யார் யார் என்று அடையாளம் காண உதவியது.

பெயரே கிடைக்காதவர்களும் பட்டியலில் இருக்கிறார்கள். 1919 ஏப்ரல் 15 அன்று ஜேயாம் கிராமத்தில் ஜப்பானியப் படை ஊர் ஆண்களைத் தேவாலயத்தில் அடைத்துச் சுட்டுத் தீ வைத்தது. கணவனைத் தேடி ஓடிவந்து உயிர்விட்ட பெண்கள் இருவர், 1991-ல் பதக்கம் பெற்றபோதும் ‘கிம் குடும்பத்துப் பெண்’ என்றே பதிவானார்கள். இன்னார் மனைவி என்பது மட்டும் தெரியும்.

யூ குவான்-சுன்னுக்காக வளைந்த விதி

உலகத்துக்குத் தெரிந்த கொரிய விடுதலைப் பெண் யூ குவான்-சுன். இஹ்வா பள்ளி மாணவி. 1919 ஏப்ரல் 1 அன்று சொந்த ஊர்ப் பக்கம் ஆவுனே சந்தையில் நடந்த போராட்டத்தில் தாய், தந்தை இருவரையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தார். சோதேமுன் சிறையில் 1920 செப்டம்பர் 28 அன்று இறந்தபோது வயது 17. பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அறிந்த பெயர். ஆனால் 1962-ல் கொடுத்தது மூன்றாம் தரம். தரம் குறைவு என்பதால் நினைவு நாளுக்கு அதிபர் பெயரில் மலர் வளையம் வைப்பதிலேயே சிக்கல் வந்தது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 2019 வரை முதல் தரப் பதக்கம் பெற்றிருந்த ஒரே பெண் கொரியரே அல்ல. சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் மனைவி சோங் மெய்-லிங், 1966-ல் பெற்றார். கொரியப் பெண்களில் மேலே நின்றவர் நாம் ஜா-ஹியோன். மஞ்சூரியாவில் இயங்கியவர், 1932-ல், ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்ததை விசாரிக்கப் பன்னாட்டுச் சங்கம் அனுப்பிய லிட்டன் குழு அங்குள்ள ஹார்பின் நகருக்கு வந்தபோது, தன் மோதிர விரலை வெட்டி, ‘கொரியா விடுதலையை விரும்புகிறது’ என்று ரத்தத்தில் எழுதி அனுப்பினார். மறு ஆண்டு ஜப்பானியத் தூதரைக் கொல்லப் போகும் வழியில் பிடிபட்டு, உண்ணாமல் இருந்து இறந்தார். அவருக்கே இரண்டாம் தரம்தான்.

யூ குவான்-சுன்னை மேலே ஏற்றச் சட்டம் குறுக்கே நின்றது. ஒரே செயலுக்கு இரண்டு முறை பதக்கம் கிடையாது. மக்களின் மனுக்கள் குவிந்தன. வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் 2019 ஜனவரியில் அவர் பெயரில் ஒரு நாளைக் குறித்தது. கடைசியில் அரசு கண்டுபிடித்த வழி சாமர்த்தியமானது. 1919-ல் அவர் செய்ததற்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. விடுதலைக்குப் பிறகு அவர் பெயர் நாட்டு மக்களிடம் வளர்த்த பற்றுக்காக இப்போது புதிதாக ஒன்று. 2019 பிப்ரவரி 26-ல் அமைச்சரவை முடிவு, மார்ச் 1 நூற்றாண்டு விழாவில் முதல் தரப் பதக்கம்.

விரும்பினால் விதி வளையும் என்பதை இது காட்டிவிட்டது. ஆனால் வளைந்தது புகழுக்காக. ஊரறிந்த பெயராக இருந்ததே தனிச் சாதனையாகக் கணக்கில் வந்தது. ஹோ உன்னுக்கு இந்த வழி உதவாது.

மூன்றும் ஐந்தும்

கணவன், மனைவி இருவருமே அங்கீகாரம் பெற்ற சில இணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

யி சாங்-ரியோங்குக்கு மூன்றாம் தரம். கிம் உ-ராக்குக்கு ஐந்து. யி பியோங்-ஹ்வாவுக்கு மூன்று. ஹோ உன்னுக்கு ஐந்து. அண்ணன் தம்பி 6 பேராகச் சொத்தை விற்று மஞ்சூரியா போன யி ஹோ-யோங்குக்கு மூன்று. துணி தைத்துச் சம்பாதித்து அவருக்குப் பணம் அனுப்பிய மனைவி யி உன்-சுக்குக்கு, 2018-ல், ஐந்து. படைத்தலைவர் ஓ குவாங்-சொனுக்கு மூன்று. மஞ்சூரியாவில் பெரிய பெரிய அண்டாக்களில் படைவீரர்களுக்குச் சோறு வடித்த மனைவி ஜியோங் ஹியோன்-சுக்குக்கு ஐந்து.

ஐந்தாவது இணைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஜியோங் ஜியோங்-ஹ்வா 1920-ல் ஷாங்காய் போய் இடைக்கால அரசோடு சேர்ந்தவர். அந்த அரசுக்குப் பணம் திரட்ட 6 முறை கொரியாவுக்குள் ரகசியமாகப் போய் வந்தார். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் போனார். அப்புறம் 1945 வரை, ஊர் ஊராக இடம் மாறிய அந்த அரசின் தலைவர்களுக்கும் குடும்பங்களுக்கும் சமையல், நோயாளி கவனிப்பு எல்லாம் அவர் தலையில். கணவர் கிம் உய்-ஹானும் அதே அரசில் பணியாற்றியவர். அவருக்கு மூன்று, இவருக்கு ஐந்து. இவர் சமையல்காரி மட்டும் இல்லை. எல்லை தாண்டிய தூதர். ஆனாலும் ஐந்து. கொரியப் போரின்போது வடக்குப் படைக்கு உதவினார் என்று குற்றம் சாட்டி, இந்த அம்மாவைத் தென்கொரிய அரசே சிறையிலும் வைத்தது.

எல்லா இணைகளும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பார்க் சா-ஜியோங், சீன மண்ணில் கொரியத் தொண்டர் படையின் பெண்கள் பிரிவை நடத்தி, 1939-ல் போர்முனையில் காயம்பட்டு, 1944-ல் இறந்தவர். 1995-ல் அவருக்கு மூன்றாம் தரம். கணவர் கிம் வோன்-போங் விடுதலைக்குப் பின் வடகொரியா போய்ப் பதவி வகித்ததால் அவருக்கு எதுவும் இல்லை. ஆக, ஆயுதம் ஏந்திய பெண்ணுக்கு மூன்று கிடைக்கிறது. ஐந்து கிடைப்பது அடுப்படியில் நின்றவர்களுக்கும் தூது போனவர்களுக்கும்தான். 2018-ன் மாற்றம் வாசலைத் திறந்தது. உள்ளே வந்தவர்களை நிறுத்திய இடம் கடைசி வரிசை.

இந்தப் பத்தாண்டில் மொத்த எண்ணிக்கை 18,000-ஐத் தாண்டியபோதும் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. முன்பு இரண்டு. இரட்டிப்புக்கு நெருக்கம் என்று சொல்லலாம். வெட்கக்கேடு என்றும் சொல்லலாம். இரண்டும் சரிதான்.

நேரில் கேட்டு எழுதும் வழியும் அடைபட்டுக்கொண்டே வருகிறது. ஜியோங் ஹியோன்-சுக்கின் மகள் ஓ ஹுய்-ஓக், பதின்வயதிலேயே சீனாவில் இயக்கத்தில் சேர்ந்தவர், 2017 விடுதலை நாள் விழாவில் பழைய மெட்டில் தேசிய கீதம் பாடியவர், 2024 நவம்பரில் 98 வயதில் இறந்தார். கொரியாவில் உயிரோடு இருந்த கடைசிப் பெண் போராளி அவர். இனி கிடைக்கக்கூடியது காகிதம் மட்டும்தான். ஆண்டோங்கில் உள்ள கொரியவியல் மேம்பாட்டு நிறுவனம் பழைய குடும்பங்களின் ஏடுகளையும் பெண்கள் எழுதிய பாட்டுச் சுருள்களையும் வாங்கிச் சேர்த்து வருகிறது. இவற்றை இலக்கியத் துறை படிக்கிறது. பதக்கம் பரிசீலிக்கும் குழுவும் படிக்க வேண்டும், அதுவும் விண்ணப்பம் வரட்டும் என்று காத்திராமல். மாமியார் பாட்டில் ஒரு வரியாக வந்து போகும் மருமகளுக்கு விண்ணப்பம் போட இன்றைக்கு யார் இருக்கிறார்கள்?